ஒரே மென்பொருள், இரண்டு முடிவுகள்: கல்வித் தொழில்நுட்ப ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

குஜராத்தில் கியான் ஷாலா என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் தொடக்கக் கல்வி தருவது அதன் வேலை. அங்கே இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் வகுப்பு நடக்கும் நேரத்திலேயே பிள்ளைகளை எழுப்பிக் கணினி முன் உட்காரவைத்தார்கள், அதாவது ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தில் ஒரு பகுதி கணினிக்குப் போய்விட்டது. வேறு சில இடங்களில் வகுப்பு வழக்கம்போல நடந்தது, அதற்கு முன்போ பின்போ பிள்ளைகள் வந்து கணினியில் பயிற்சி செய்தார்கள். மென்பொருள் ஒன்றுதான். லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதை 2008இல் எழுதினார். வகுப்புக்குப் பதிலாகக் கணினி வந்த இடங்களில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் நன்றாகவே சரிந்தது. வகுப்பு போக மீதி நேரத்தில் கணினி வந்த இடங்களில் ஏறியது.

கல்வியில் தொழில்நுட்பம் பற்றி ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன். "டிஜிட்டல் படிப்பு நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு ஏன் இத்தனை வருடமாக ஒரு முடிவான பதில் வரவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கேள்வி கருவியைப் பற்றிக் கேட்கிறது. ஆய்வுகள் பதில் சொல்வதோ வேறு ஒன்றுக்கு: அந்தக் கருவி எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, அது வந்த பிறகு பிள்ளையின் மூளை முன்பைவிட அதிகமாக வேலை செய்ததா குறைவாக வேலை செய்ததா. கியான் ஷாலாவின் வகுப்புகள் ஏற்கெனவே ஒழுங்காகத் திட்டமிட்டு நடந்தவை. நல்ல வகுப்பிலிருந்து நேரத்தைப் பிடுங்கினால் நஷ்டம் வரத்தான் செய்யும். இதே மென்பொருள், ஆசிரியரே வராத ஒரு பள்ளியில் வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

இந்தக் கருத்து புதிதும் அல்ல. ரிச்சர்டு கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1983இலேயே சொன்னார்: ஊடகம் என்பது பாடத்தைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே, மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி நம் உடம்பில் எப்படிச் சத்தைக் கூட்டாதோ அப்படித்தான் இதுவும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ராபர்ட் கோஸ்மா போன்றவர்கள், சில விஷயங்களைச் சில ஊடகங்களால்தான் காட்ட முடியும் என்று எதிர்வாதம் வைத்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு வேதிவினையில் மூலக்கூறுகள் நகர்வதைக் கரும்பலகையில் எவ்வளவுதான் வரைவது? ஆனாலும் கிளார்க் எழுப்பிய சந்தேகத்தை இன்றைக்கும் எந்த ஆய்வாளரும் தாண்டிப் போய்விட முடியாது. ஒரு செயலி பலன் தந்தது என்றால், பலன் தந்தது திரையா, அதற்குள் இருந்த பாடம் சொல்லும் முறையா, அல்லது கூடுதலாகக் கிடைத்த நேரமா?

சரி, ஆய்வாளர்கள் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஒரு பள்ளியில் எல்லோருக்கும் டேப்லெட் இருக்கிறது, அங்கே மதிப்பெண்ணும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். டேப்லெட்டால்தான் மதிப்பெண் வந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் டேப்லெட் வாங்கித் தரும் பள்ளிக்குக் கட்டணம் கட்டக்கூடிய பெற்றோர், வீட்டில் படிக்கத் தனி இடம், மாலையில் டியூஷன், பாடத்தில் சந்தேகம் கேட்டால் சொல்லித்தர அப்பாவோ அக்காவோ எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். இதையெல்லாம் சமன்செய்ய ஒரே உறுதியான வழி குலுக்கல். நூறு பள்ளிகளை எடுத்துக்கொண்டு குலுக்கிப் போட்டு ஐம்பதுக்குக் கருவி கொடுப்பது, ஐம்பதுக்குக் கொடுக்காமல் விடுவது. பணக்காரப் பள்ளி, ஏழைப் பள்ளி, நல்ல தலைமையாசிரியர் உள்ள பள்ளி எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே தேர்வு வைத்தால் வரும் வித்தியாசத்துக்குக் கருவியைத்தான் பெரும்பாலும் காரணம் சொல்ல முடியும். கருவி கிடைக்காத அந்த ஐம்பது பள்ளிகளுக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். அந்தக் குழுவில் என்ன நடந்தது என்று சொல்லாத எந்த விளம்பரத்தையும் நான் நம்புவதில்லை.

இந்த முறையில் நடந்த மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று பெருவில் நடந்தது. அமெரிக்கக் கணினித் துறை அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் "குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" என்ற திட்டத்தை அறிவித்தபோது உலகமே உற்சாகப்பட்டது. 100 டாலருக்கு மடிக்கணினி என்பது கனவு, விலை கடைசியில் 200 டாலருக்குப் பக்கத்தில் நின்றது. பெரு அரசு லட்சக்கணக்கில் வாங்கியது. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் அந்த நாட்டின் கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணினி கிடைத்த பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஒரு கணினிக்கு மேலேயே இருந்தது. பிள்ளைகள் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. பொதுவான சிந்தனைத் திறன் தேர்வுகளில் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது, அவ்வளவுதான். வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்ட நேரம் கூடவில்லை, வாசிக்கும் பழக்கம் மாறவில்லை, ஆசிரியர் பாடம் நடத்தும் விதமும் மாறவில்லை. பிள்ளையின் ஒரு நாளில் எதுவும் மாறாதபோது மதிப்பெண் மட்டும் எப்படி மாறும்? அந்தத் திட்டத்தில் பணம் பெரும்பாலும் பெட்டிக்குப் போனது, அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பில் என்ன செய்வது என்பதற்கு ஆசிரியர்களிடம் பதில் இருக்கவில்லை. தூரத்து மலைக்கிராமத்து ஆசிரியர்மேல் இந்தப் பழியைப் போடுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம், அவருக்கு அந்தப் பதிலை யாரும் கொடுக்கவே இல்லை.

இப்போது எண்களைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஆய்வுகள் எல்லாம் "0.37 திட்ட விலக்கம்" என்கிற மாதிரி பேசும், அங்கேயே பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெவ்வேறு தேர்வுகளை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் அது. எளிதாக இப்படிப் பாருங்கள்: நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிற்கவையுங்கள், குறைந்தவர் முதலில், அதிகம் எடுத்தவர் கடைசியில். நடுவில் 50ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை 0.1 முன்னேறினால் 54ஆம் இடத்துக்குப் போவார். 0.37 என்றால் சுமார் 64ஆம் இடம். கியான் ஷாலாவில் வகுப்புக்குப் பதிலாகக் கணினி வந்த இடத்தில் இறக்கம் 0.57, அதாவது 50இல் நின்ற பிள்ளை 28க்கு வந்த அளவு. கூடுதல் நேரமாக வந்த இடத்தில் ஏற்றம் 0.28, சுமார் 61ஆம் இடம். கல்வி ஆய்வுகளில் 0.2 என்றாலே கவனிக்க வேண்டிய மாற்றம். யாராவது "எங்கள் செயலியால் கற்றல் 300 சதவீதம் கூடுகிறது" என்று சொன்னால், எதில் 300 சதவீதம் என்று கேளுங்கள்.

பலன் கிடைத்த கதை எது? மைண்ட்ஸ்பார்க் என்ற பயிற்சி மென்பொருளை வைத்துத் தில்லியில் நடந்த ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் நடத்தி 2019இல் வெளியான இந்த ஆய்வை இந்தியாவில் கல்வி பற்றிப் பேசும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் 619 பேர். குலுக்கலில் தேர்வானவர்கள் பள்ளி விட்ட பிறகு ஒரு மையத்துக்கு வந்தார்கள். 45 நிமிடம் கணினியில் பயிற்சி, 45 நிமிடம் ஓர் உதவி ஆசிரியரோடு சிறு குழுவாகப் படிப்பு. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 ஏற்றம்.

ஏன் பலித்தது என்பதுதான் முக்கியம். அந்தப் பிள்ளைகளை முதலில் சோதித்துப் பார்த்தபோது, ஆறாம் வகுப்பில் இருப்பவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார். மேல் வகுப்புக்குப் போகப் போக இந்த இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரே வகுப்பறையில் ஒருவர் மூன்றாம் வகுப்பு அளவில், இன்னொருவர் ஆறாம் வகுப்பு அளவில், ஆசிரியர் கையிலோ எட்டாம் வகுப்புப் புத்தகம். அவர் அதை முடித்தாக வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்த பிள்ளைகள் அந்த நாலரை மாதத்தில் பள்ளிக்குப் போய்வந்தும் ஏறக்குறைய எதுவுமே புதிதாகக் கற்றிருக்கவில்லை. இந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு நேரம் பிடித்தது. பள்ளிக்கு வரும் பிள்ளை, வருகைப் பதிவில் பெயர் இருக்கும் பிள்ளை, முன்னால் பாடம் நடக்கிறது, அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

மென்பொருள் செய்தது இதுதான்: ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் நாலாம் வகுப்புப் பின்னம். அதுவும் வகுப்பு முழுக்கப் பார்க்க, "உனக்கு இதுகூடத் தெரியாதா" என்ற பேச்சு இல்லாமல். நாற்பது பேர் வகுப்பில் ஓர் ஆசிரியரால் செய்ய முடியாத காரியம் இது. மனசு இல்லாமல் இல்லை, கையும் நேரமும் போதாது. கணினி உண்மையாகவே புதிதாக எதையாவது தருகிறது என்றால் அது இங்கேதான்.

ஆனால் இந்த ஆய்விலும் கிளார்க் எழுப்பிய அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் கிடைத்தது, சிறு குழுவில் ஒரு மனிதரும் கிடைத்தார். எது எவ்வளவு உதவியது என்று இந்த ஒரு பரிசோதனையால் பிரிக்க முடியாது, ஆய்வாளர்களே அதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் இன்னொன்றையும் காட்டுகிறார்கள்: அதே தில்லியில், பள்ளி நேரத்துக்குப் பிறகு மனிதர்களே டியூஷன் எடுத்த வேறொரு திட்டத்தை ஆராய்ந்தபோது மதிப்பெண்ணில் பலன் தெரியவில்லை. அதனால் வெறும் கூடுதல் நேரம் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இப்படி ஒன்றை இன்னொன்றோடு வைத்து மெதுவாக விலக்கிக்கொண்டே போவதுதான் ஆய்வு.

கவனம் சிதறுவது பற்றிய ஆய்வுகள் தனி ஓடை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பொருளாதார வகுப்புகளைப் பிரித்து, சிலவற்றில் மடிக்கணினி, டேப்லெட் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள், சிலவற்றில் தடுத்தார்கள். 2017இல் வந்த முடிவு: அனுமதித்த வகுப்புகளில் இறுதித் தேர்வு மதிப்பெண் 0.18 குறைவு. ராணுவ ஒழுங்கில் வளரும், மதிப்பெண்ணுக்கு நேரடிப் பலன் உள்ள மாணவர்களுக்கே இப்படி. இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் பள்ளிகளில் கைப்பேசித் தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பேலண்ட், மர்ஃபி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2016இல் எழுதியதில், தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியது, அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்கே அதிகப் பலன், முன்னணி மாணவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சுவீடனில் இதே மாதிரி பார்த்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. அப்போ எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். தடைக்கு முன் அந்தப் பள்ளியில் கைப்பேசி எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. மறுபடியும் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான்.

காகிதமா திரையா என்ற விவாதத்துக்கும் ஒரு வரி. 2018இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கதை படிக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. தகவல் நிறைந்த கட்டுரைகளையும், நேரக் கெடு வைத்துப் படிப்பதையும் பார்த்தால் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்று அதிகம். ஆகவே தேர்வுக்குப் படிக்கும் அறிவியல் பாடத்தை அச்செடுத்துக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

அடுத்தது எல்லோரும் இப்போது கேட்பது, செயற்கை நுண்ணறிவு. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களோடு ஒரு சோதனை நடந்தது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்கு வழக்கமான ஜிபிடி-4 அரட்டைக் கருவி, இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு வடிவமைத்த கருவி, மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் தங்கள் குறிப்பேடும் மட்டும். பயிற்சியில் முதல் குழு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது, இரண்டாவது குழு 127 சதவீதம். பிரமாதம் என்று தோன்றும். அப்புறம் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். வழக்கமான அரட்டைக் கருவி வைத்திருந்த குழு, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் தந்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, பெரிய முன்னேற்றமும் இல்லை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு: முதல் குழுவுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை.

இதில் வியப்பில்லை என்பேன். ஒரு கணக்கில் முட்டி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கற்றல் நடக்கிறது, மறந்துபோனதை மூளை தேடி எடுக்கும்போதுதான் அது பதிகிறது. அந்த நிமிடங்களைக் கருவி வாங்கிக்கொண்டால் விடை வரும், கற்றல் வராது. மைண்ட்ஸ்பார்க் பிள்ளையை அதிகமாக யோசிக்கவைத்தது, அரட்டைக் கருவி குறைவாக யோசிக்கவைத்தது. இரண்டும் திரைதான்.

எளிய தொழில்நுட்பத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் "ஹைடெக்" என்ற சொல்லுக்குத் தேவைக்கு மேல் மரியாதை. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் 4,500க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். சிலருக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒரு முறை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து இருபது நிமிடம்போலப் பிள்ளையோடு பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பலன் இல்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் 0.12 ஏற்றம். ஸ்மார்ட்போன் கூட வேண்டாம், பட்டன் போன் போதும். பின்பு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டாவிலும் இந்த அழைப்பு முறையைச் சோதித்தபோது பலன் தெரிந்தது.

தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தைப் பற்றி நல்ல ஆய்வு இருக்கிறது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், அதே வயதில் முன்பு படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் சுமார் 0.7, தமிழில் 0.34 பின்னடைவு. கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்த காலம் அது, வாட்ஸ்அப் குழுக்களும் இருந்தன, அப்படியும் இவ்வளவு இழப்பு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாலையில் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ ஊர் அக்காக்கள் உட்காரவைத்துச் சொல்லித்தந்தது. தொலைக்காட்சி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பள்ளி மூடியிருந்தபோது அதை விட்டால் பல வீடுகளுக்கு வேறு வழியே இல்லை. ஒளிபரப்பால் பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்று திரும்பிக் கேட்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்த அக்காவால் முடியும்.

இன்னொரு பக்கம், விற்பவர்கள் தரும் ஆதாரம். யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, நடுநிலையான சான்றுகள் மிகக் குறைவு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதம்தான் குலுக்கல் முறைப் பரிசோதனை நடத்தியிருந்தன. மற்றவை காட்டுவது பெரும்பாலும் "பயனர்கள் மகிழ்ச்சி", "இத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள்" என்ற எண்கள். புதிதாக எது வந்தாலும் முதல் சில வாரம் பிள்ளைகள் ஆர்வமாகத்தான் தொடுவார்கள், அந்த வாரங்களில் மட்டும் அளந்தால் எல்லாமே வெற்றிதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புதுச் செயலி பற்றிச் சொன்னால், எந்தப் பாடவேளையில் அது வரப்போகிறது, அந்த வேளையில் இதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். என் பிள்ளை பின்தங்கியிருந்தால் அது பின்னுக்குப் போய் ஆரம்பிக்குமா, இல்லை எல்லோருக்கும் ஒரே காணொளிதானா என்று கேளுங்கள். ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே ஆசிரியர் பாடம் எடுக்கும் பள்ளி என்றால், நாணயத்தைச் சுண்டி ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு பருவம் செயலியைக் கொடுங்கள், அடுத்த பருவம் மற்ற பிரிவுக்கு, அப்போதுதான் எந்தப் பிள்ளைக்கும் அநியாயம் நடக்காது. ஆரம்பத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு, இரண்டும் காகிதத்தில், செயலியில் வந்த கேள்விகளை அப்படியே எடுக்காமல். முடிந்தால் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் அதே பாடத்தில் இன்னொரு சின்னத் தேர்வு வையுங்கள். இரண்டு பிரிவு மட்டும் என்பதால் முடிவு உறுதியாக இருக்காது, தற்செயலாகவும் வித்தியாசம் வரலாம், ஆனால் விற்பனைப் பிரதிநிதி காட்டும் ஸ்லைடைவிட அது உங்கள் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்லும்.